மணி கேட்கிற தூரம்

அம்பத்தூர்,
10.6.2024

கல்பனாவுக்கு,

வளவன் எழுதுகிறேன். உறைமேல் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்துக்காக இதைப் படித்துவிடு. போனில் சொல்லலாம்தான். போனை எடுத்தால் நாம் இரண்டு பேரும் எதில் ஆரம்பித்து எதில் முடிப்போம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் ஆஸ்பத்திரி முழுக்கக் கார்ட்லெஸ் போன் போடுகிற வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு நர்ஸின் பையிலும் ஒரு போன் இருக்கும். அவற்றுக்குச் சிக்னல் கொடுக்க மாடிக்கு மாடி, சுவரின் உச்சியில், பேஸ் ஸ்டேஷன் என்று சின்னச் சின்னப் பெட்டிகள் பொருத்த வேண்டும். எங்கே பொருத்துவது என்று கட்டடம் பூராவும் நடந்து பார்த்துத் திட்டம் போடுவதுதான் முதல் வேலை. அப்புறம் கேபிள் இழுக்க வேண்டும். மூன்று நான்கு மாதம் வந்துபோகிற வேலை. நான் திருத்தணிக்காரன் என்பதால் முதலாளி என் பெயரையே எழுதிவிட்டார்.

என் மனைவி அங்கேதான் நர்ஸ் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நீ என் வீட்டை விட்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்பதை எப்படிச் சொல்லி ஆரம்பிப்பது?

வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, போதும். என்கூட வேலை செய்கிற தணிகைமணியை அனுப்பச் சொல்லிவிடுகிறேன். நல்ல மாதிரி, வேலையும் தெரியும்.

எனக்கே அங்கே நிற்கத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அந்த வாசலைப் பஸ்ஸில் போகும்போதுகூட நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

வளவன்


திருத்தணி,
16.6.2024

வணக்கம்.

கிழிக்கவில்லை.

நீங்களே வாருங்கள். வேலை தெரிந்தவர் வந்தால் எங்களுக்கு நல்லதுதான். நிர்வாகம் பார்க்கிற பக்தவச்சலம் சார் ஏற்கெனவே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். குழந்தைகள் வார்டுக்கு இப்போது நான்தான் பொறுப்பு. போன்காரர் வந்தால் கூட நடக்க வேண்டியதும் நான்தானாம். "உங்களுக்குத்தான் சிஸ்டர் மூலை முடுக்கெல்லாம் தெரியும், நீங்களே கூட்டிகினு போயி காட்டிடுங்க" என்றார். சரி என்றேன். போன்காரர் யார் என்று நானும் சொல்லவில்லை.

அங்கே என்னைச் சிஸ்டர் என்று கூப்பிடுங்கள். நான் சார் என்று கூப்பிடுகிறேன். பாப்பா பேச்சை அங்கே எடுக்க வேண்டாம். நான் அன்றாடம் நின்று வேலை செய்கிற இடம் அது. எழுத வேண்டுமானால் எழுதுங்கள். படிப்பேன்.

இந்தப் போன்கள் வேண்டும் என்று நர்ஸுகள் எல்லாரும் சேர்ந்துதான் கேட்டோம். முதலில் கேட்டது நான். வார்டில் எங்கள் மொபைலை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வார்டின் முன்பக்க மேஜைமேல் ஒரே ஒரு போன். அது அடிக்கும்போது நாங்கள் எந்தக் கட்டிலருகே குனிந்திருப்போமோ! அன்றைக்கு நீங்கள் வீட்டிலிருந்து அடித்தபோதும் அது அந்த மேஜைமேல்தான் அடித்தது.

போன ஐப்பசியில் பாப்பாவுக்கு முதல் வருஷப் படையல் போட்டீர்களாமே. உங்கள் ஊர்ப் பக்கம் கே.ஜி.கண்டிகையிலிருந்து வருகிற பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சண்டைக்காக எழுதவில்லை. அவளுக்குப் பிடித்தது எது என்று உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும், இலையில் என்ன வைத்திருப்பார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கல்பனா


அம்பத்தூர்,
8.7.2024

கல்பனாவுக்கு,

சர்வே முடிந்தது. உன் உதவி இல்லையென்றால் இன்னும் இரண்டு நாள் இழுத்திருக்கும். வரைபடத்தில் இருக்கிற கட்டடம் வேறு, உங்கள் கட்டடம் வேறு. எக்ஸ்ரே அறைச் சுவருக்குள் காரீயத் தகடு இருப்பதை நீ சொல்லாமல் போயிருந்தால் அந்தப் பக்கம் முழுக்கச் சிக்னல் செத்திருக்கும்.

எழுத வந்தது அது இல்லை.

ஸ்டாண்டில் ஒரு பேஸ் ஸ்டேஷனை நிறுத்திவிட்டு, ஒரு போனில் நான் நிறுத்தாமல் பேசுவேன், இன்னொன்றைக் காதில் வைத்துக்கொண்டு நீ நடக்க வேண்டும், குரல் எங்கே உடைகிறதோ அங்கே நான் படத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். வழக்கமாக ஒன்று இரண்டு என்று எண்ணுவோம். அன்றைக்கு உன் முதுகைப் பார்த்ததும் எனக்கு எண்ணே வரவில்லை. முன்பு தினம் ரயிலில் போன பாதை வாயில் வந்தது. "திருத்தணி, அரக்கோணம், புளியமங்கலம், மோசூர்" என்றேன். நீ திரும்பாமல், "ஆங், கேக்குது சார்" என்றாய். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் உன் குரல் என் காதுக்குள் கேட்டது, அதுவும் 'சார்' என்று.

"நடந்துகினே இருங்க சிஸ்டர். திருவாலங்காடு. மணவூர்."

"கேக்குது."

"செஞ்சிப் பனம்பாக்கம். கடம்பத்தூர்."

"கேக்குது."

அடுத்த ஊர் என்ன என்று உனக்குத் தெரியும். ஏகாட்டூரைச் சொன்னேனா என்றே நினைவில்லை. அதற்கடுத்து திருவள்ளூர். அந்தப் பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. பாப்பாவைச் சென்னைக்கு ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் திருவள்ளூரைத் தாண்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று எனக்குள் ஒரு கணக்கு உண்டு. டாக்டர் யாரும் சொன்ன கணக்கு இல்லை.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நீ வராந்தா முனையிலிருந்து, "கேக்கல சார்" என்றாய். நான் அந்த இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். இங்கே வந்து பார்த்தபோதுதான் புரிந்தது, அங்கே சிக்னல் இருந்தது கல்பனா. பேச்சுத்தான் இல்லை. அந்தக் குறியை அழித்துவிட்டேன்.

நீ இளைத்துவிட்டாய். சொல்லக்கூடாது என்றால் மன்னித்துவிடு.

வளவன்


திருத்தணி,
15.7.2024

பாவாவுக்கு,

பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்காமல் விட்டுவிடுகிறேன். நீங்கள் எனக்குப் புருஷன் ஆவதற்கு முன்னாலேயே அத்தை மகன்தானே.

சிக்னல் இருந்தது என்று எனக்கும் தெரியும். போனில்தான் கோடு கோடாகக் காட்டுகிறதே. நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்றும் தெரிந்தது. பக்கத்தில் காஞ்சனா தரை துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் எதிரில் என்ன சொல்வது? அதனால் கேட்கவில்லை என்றேன்.

அன்று மதியம் நீங்கள் கேண்டீனில் வெறும் டீயும் பன்னும் சாப்பிட்டதைப் பார்த்தேன். என்னைச் சொல்கிறீர்கள், உங்கள் கழுத்து எலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது. அம்பத்தூரில் யார் சமைக்கிறார்கள்? அடுத்த முறை வரும்போது கேண்டீனில் என் பெயரைச் சொன்னால் சாப்பாடு தருவார்கள். சொல்லி வைத்திருக்கிறேன்.

வேலை விஷயம். எங்கள் வார்டின் கோடியில் இருக்கிற தனி அறைக்குள்ளேயே ஒரு பெட்டி வேண்டும். வராந்தாவில் வைத்தால் போதும் என்று பக்தவச்சலம் சார் சொல்வார், ஒப்புக்கொள்ளாதீர்கள். மோசமான நிலையில் வருகிற குழந்தைகளை அங்கேதான் வைப்போம். பெரும்பாலும் ஒருத்திதான் உள்ளே நிற்போம். கதவைச் சாத்தினால் எங்களுக்கும் வெளியில் இருப்பவர்களுக்கும் தொடர்பே கிடையாது.

பாப்பாவின் போட்டோ ஒன்று உங்களிடம் இருக்கிறது, மலையில் மொட்டை போட்ட அன்று எடுத்தது. நீங்கள் தூக்கிக்கொண்டு நிற்பீர்கள், அவள் உங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒரு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா?

கல்பனா


திருத்தணி லாட்ஜ்,
19.8.2024

கல்பனா,

இதைத் தபாலில் போடலாமா, உன் கையில் கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டுத் தபாலிலேயே போடுகிறேன். போட்டோ உள்ளே இருக்கிறது.

இன்று நீ லீவு. நானும் தணிகைமணியும் உங்கள் வார்டில் கேபிளை முடித்துவிட்டு, நீ கேட்டபடி கோடி அறைக்குள் பெட்டியைப் பொருத்தினோம். அறை காலியாக இருந்தது. நான் ஏணிமேல் நின்று திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. அப்போது முன்பக்க மேஜையில் இருக்கிற பழைய போன் அடித்தது.

கேட்டது கல்பனா. பக்கத்து அறையில் அடிப்பதுபோல, மணி ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. கதவுக்குமேல் இருக்கிற கம்பி ஜன்னல் வழியாக வருகிறது. நான் ஏணியிலிருந்து இறங்கி, தணிகைமணியை மேஜைக்கு அனுப்பி, "பேசறவங்கள மறுபடியும் அடிக்கச் சொல்லு" என்றேன். மறுபடியும் கேட்டது. "இன்னாண்ணா, இந்த போனத்தான் எடுத்துடப் போறோமே, இத்த எதுக்குப் பாக்கற?" என்றான் அவன். 

பாப்பாவை அடக்கம் பண்ணின அன்று நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "நான் கடேசி ரூம்ல இருந்தேன் பாவா." அவ்வளவுதான். நானாக நினைத்துக்கொண்டேன், அந்த அறைக்கு மணி கேட்காது என்று. கேட்காத தூரத்தில் போய் நின்றாளே என்றுதான் உன்மேல் கோபப்பட்டேன். எங்கள் அம்மா எல்லார் எதிரிலும் உன்னைப் பேசியபோது வாய் திறக்காமல் இருந்ததும் அந்தக் கோபத்தில்தான்.

அன்றைக்கு அறைக் கதவு எப்படி இருந்தது, ஜன்னல் எப்படி இருந்தது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உனக்குக் கேட்டதா?

வளவன்


திருத்தணி,
27.8.2024

பாவாவுக்கு,

கேட்டது.

இத்தனை நாள் யாரும் என்னை இதைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்கள். தறி ஓட்டுகிற குடும்பம். தாய் பெயர் பாஞ்சாலி. பிள்ளைக்குப் பல்கூட முளைக்கவில்லை. வலிப்பு நிற்கவே இல்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. கூட இருந்த பிரேமா சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட மாடிக்கு ஓடினாள். நான் ஒரு கையால் பிள்ளையின் தாடையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் ஆக்ஸிஜன் மாஸ்க்கை அழுத்திக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அப்போது மேஜையில் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

யாருடைய போன் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் இரண்டாம் முறை அடித்தபோது, நம் வீட்டிலிருந்தோ என்று மனசில் பட்டது. பட்டும் நான் கையை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் டாக்டர் வந்தார், ஊசி போட்டார், பிள்ளைக்கு நிறம் திரும்பியது. வீட்டுக்கு ஒரு போன் பண்ணிவிடலாம் என்று நான் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது காஞ்சனா ஓடிவந்தாள். "சிஸ்டர், கீழ உங்க வூட்டுக்காரரு பாப்பாவ தூக்கிகினு வந்துகீறாரு" என்றாள். படியில் இறங்கும்போதே உங்கள் தோளில் அவள் கை தொங்குவதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும், இனிப் பிழைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸாக இருப்பதில் அது ஒரு பாவம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று காலையில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் விட்டுவிட்டது என்று உங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியது நான். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள் என்று எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை விஷயத்தில் சந்தோஷம் முந்திக்கொண்டது. நீங்கள் கோபப்படுவதென்றால் இதற்குக் கோபப்படுங்கள். போனுக்காக வேண்டாம். அந்த அறையில் மறுபடி நின்றாலும் நான் கையை எடுக்க மாட்டேன். இதை எழுதாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றினவள் ஆவேன்.

போட்டோ வந்தது. அவள் மூக்கைப் பிடித்திருக்கிற பிடியில் உங்கள் கண்ணில் தண்ணீரே வந்திருக்கிறது. இதை நான் முன்பு கவனித்ததில்லை.

கல்பனா


அம்பத்தூர்,
30.9.2024

கல்பனா,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. கடைசிக் கட்ட வேலைக்குத் தணிகைமணியை மட்டும் அனுப்பினேன். நீ வாசலைப் பார்த்திருப்பாய் என்று தெரியும். கேண்டீனில் என் சாப்பாட்டை அவன் சாப்பிட்டதாகச் சொன்னான்.

நான் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தேன். உன்னைக் கேட்காமல் போனது தப்புதான். தறிச் சத்தம் கேட்கிற தெருவில் விசாரித்து, பாஞ்சாலி வீட்டைக் கண்டுபிடித்தேன். கல்பனா சிஸ்டர் வீட்டுக்காரர், இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றேன். அந்த அம்மா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். கலர் சோடா வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு ஆள் அனுப்பினாள். பையனுக்கு எழிலன் என்று பெயர். என் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு பூராவும் சுவரில் முட்டிக்கொண்டு ஓடினான்.

"அன்னிக்கு சிஸ்டர் கைய எடுக்கவே இல்ல சார். புடிச்சிகினே இருந்தாங்க. எம் புள்ள இப்ப இப்டி ஆடறான்னா அவங்கதான்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அப்புறம், "உங்களுக்கு எத்தினி பசங்க சார்?" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் ஊருக்குப் போன பிறகும் நீ அவளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒரு பொண்ணு" என்றேன்.

"இன்னா படிக்குது?"

"ஒண்ணாவது."

இருந்திருந்தால் ஒண்ணாவதுதான். எழுந்து வந்துவிட்டேன். பையனிடமிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்க மனசு வரவில்லை. அந்த அம்மாதான் வாங்கிக் கொடுத்தாள். அவனைப் பார்த்தால் மனசு ஆறும் என்று நினைத்துப் போனேன். ஆறவில்லை. அவன்மேல் கோபமும் வரவில்லை.

நகரியில் வண்டியை நிறுத்திக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்பனா, நீ என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பிள்ளை கை கால் சில்லிட்டுப் படுத்திருந்தபோது, ஆட்டோவைக் கூப்பிடாமல் எதற்கய்யா போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று. நீ சொன்னால்தான் அது வியாதி என்பதுபோல நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நீ கேட்காததால்தான் இரண்டு வருஷம் உன்மேலேயே கோபமாக இருக்க முடிந்தது. நீ தெரிந்துதான் கேட்காமல் விட்டாய், இல்லையா?

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவமேல தப்பு இல்ல, இனிமே இந்த வூட்ல யாரும் அந்தப் பேச்சு எடுக்கக்கூடாது" என்றேன். அம்மா ரொம்ப நேரம் அழுதார்கள். அப்புறம், "அவள கூட்டிகினு வாடா" என்றார்கள்.

என்னால் முடியாது. கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தவரைக்கும் உன்கூட ஏதோ ஒன்று பாக்கி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தால், நீ ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாலும் உன் கையைத்தான் பார்ப்பேன். நான் போனை எடுத்தால் நீ என் கையைப் பார்ப்பாய். நீ நல்லவள், கேட்கமாட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல், வந்து போடுகிறேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வளவன்


திருத்தணி,
20.10.2024

பாவாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கெஞ்சிக்கூட எழுதியிருப்பேன். அதனால்தான் இத்தனை நாள் விட்டேன்.

ஆமாம், தெரிந்துதான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களுக்கு உடைந்து விழ ஒரு இடம் இருந்திருக்காது. என்மேல் விழுந்தால் பரவாயில்லை, எனக்கு வார்டு இருக்கிறது, போய் நின்றால் வேலை என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அது உங்களை இரண்டு வருஷம் தனியாக உட்காரவைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தை நேற்று வந்திருந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். போகும்போது, "இந்த வருசம் படையல நீயே போடு, அவளுக்கு இன்னா புடிக்கும்னு உனக்குத்தான தெரியும்" என்றார்கள். போடுகிறேன். நீங்கள் வருவதானால் வாருங்கள். வராவிட்டால் உங்கள் பங்குக்கும் நானே கும்பிட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்துக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு வேண்டும் என்கிற அன்று சொல்லுங்கள், வருகிறேன். நான் உங்கள்மேல் வருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய். வருத்தம் உண்டு. அது என்னோடு இருக்கட்டும்.

போன்கள் வந்துவிட்டன. தணிகைமணி எல்லாருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வார்டிலிருந்து பேசிக்கொண்டே படியிறங்கினால்கூடக் குரல் அறுவதில்லை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு அதுவாகவே மாறிக்கொள்கிறது. பிரேமா சிஸ்டர் ஒரு நாள் முழுக்க விளையாட்டுப்போல அதையே பண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை. நான் கோடி அறையில் ஒரு குழந்தைக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தேன். என் பையில் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். "குழந்தைங்க வார்டு, கல்பனா" என்றேன். கீழே பிரசவ வார்டிலிருந்து பேசினார்கள். "சிஸ்டர், உங்க கிட்ட எச்சா ஒரு தலகாணி கீதா?" என்றார்கள். இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்றேன்.

டிரிப்பைச் சரிபண்ணிவிட்டு, துணி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்து அழுதேன். பாப்பா போன பிறகு ஆஸ்பத்திரிக்குள் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, தலையணைக்கு நல்ல உறையாகப் பார்த்துப் போட்டு, கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கல்பனா